மூன்றாவது ஓலை

என் அண்ணன் வரப்பில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டான் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். அவனும் சாகும்வரை அதையே சொன்னான். வரப்பும் இல்லை, வழுக்கலும் இல்லை. நான்தான் உலக்கையால் அடித்து ஒடித்தேன். அப்போது என் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. வயிற்றில் ஏழு மாதம்.

ஏழு மாத வயிற்றோடு என்ன கல்யாணம் என்று கேட்பீர்கள். சட்டப்படி எனக்கு முந்தைய வருஷமே பாபநாசத்தில் பதிவுக் கல்யாணம் ஆகிவிட்டது. இரண்டு மாலை, நான்கு கையெழுத்து, ஆளுக்கு ஒரு சோடா. செய்தி கேட்ட அப்பா, "ரெஜிஸ்டர் ஆபீசுல நெலம் வாங்குவாங்க, நெலம் விப்பாங்க. பொண்ணு எடுத்துக் கேள்விப்பட்டதில்ல" என்றாராம். கோயிலுக்கும் கிட்டத்தட்ட அதே கருத்துதான். பீடத்துக்கு முன்னால் நடக்காத கல்யாணம் கத்தோலிக்கருக்குக் கல்யாணமே இல்லை. அப்படி வாழ்கிறவர்களுக்கு நன்மை கிடையாது. பூசையில் மற்றவர்கள் எழுந்து போய் அந்த நன்மை அப்பத்தை வாங்கிவரும்போது நான் பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எட்டு வயதிலிருந்து ஞாயிறு தவறாமல் நன்மை வாங்கியவள் நான். வாங்கி வந்தபின் கால் மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூட வாயில் விடக் கூடாது என்று அம்மா பழக்கியிருந்தாள். அந்தக் கால் மணி நேரத்து வெறும் வாய்க்காகவே எனக்குக் கோயில் பிடிக்கும்.

என் வீட்டுக்காரரின் குடும்பம் எங்கள் பண்ணையில் மூன்று தலைமுறையாக வேலை பார்த்த குடும்பம். அவர்களும் வேதக்காரர்கள்தான். ஒரே தொட்டியில் ஞானஸ்நானம் வாங்கினோம். ஆனால் கோயிலில் நடுப்பகுதி எங்களுக்கு, தெற்குச் சிறகு அவர்களுக்கு. இடையே இடுப்பு உயரத்தில் மரக் கிராதி. சேசுநாதர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு தொங்கினார் என்று எனக்குச் சின்ன வயதிலேயே சந்தேகம். நான் படித்து டீச்சரானேன், அவர் படித்து விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு எழுத்து வேலை பார்க்கப் போனார். அவர் கோயிலுக்குப் போவதை அதற்கு முன்பே விட்டிருந்தார். "அந்தக் கிராதிய எடுக்கட்டும், வர்றேன்" என்பார்.

புது ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. சாதி ஒழிய வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். பேசி இறங்கியதும் அப்பாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் காரில் ஏறினார்கள். வயலில் வேறு கணக்கு நடந்துகொண்டிருந்தது. அறுப்புக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டது சங்கம். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி அறுத்தார்கள். மறித்தவர்களுக்கு மண்டை உடைந்தது. அந்தத் தை மாதம் நான் வாழ்க்கைப்பட்ட தெருவில் கட்டுப் போடாத ஆண்கள் குறைவு. கிழக்கே ஒரு சேரியில் குடிசையோடு ஆட்களைக் கொளுத்திய கதையை எல்லோரும் அறிவார்கள். அதனால் கூரைவீட்டில் படுக்கிறவர்கள் தாழ் போடாமல் படுத்தார்கள்.

இந்த லட்சணத்தில்தான் நான் கோயில் கல்யாணம் வேண்டும் என்று நின்றேன். காரணம் பெரிய பக்தி இல்லை. ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் உதிரம் கண்டது. பிரசவத்தில் செத்தால் கோயில் கல்லறையில், மந்திரித்த மண்ணில் என்னைப் புதைக்க மாட்டார்கள் என்று பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "உனக்காக ஒரு தடவ முட்டி போடுறேன். அதுக்கு மேல கேக்காத" என்றார்.

பங்குச் சாமியார் வயதானவர், கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. நாங்கள் போனதும் காலண்டரை எடுத்தார்.

"சாம்பல் புதன் வந்துட்டா தபசுகாலம். அப்புறம் கல்யாணம் கெடையாது. ஈஸ்டர் பாஸ்காவுக்குள்ள உனக்குப் பிள்ளையே பொறந்துடும். மேற்றிராணியாருக்கு எழுதி அனுமதி வாங்கிடுறேன். ஓலை வாசிக்காமலே ஒரு வார நாள்ல, காலைப் பூசைக்கு முன்னாடி, சத்தமில்லாம மந்திரிச்சு வச்சிடுறேன். ரெண்டு சாட்சி போதும். சரியா?"

ஓலை என்பது கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசிக்கும் அறிவிப்பு. இன்னார் மகனும் இன்னார் மகளும் கல்யாணம் செய்யப் போகிறார்கள், தடை அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று முழு ஊரும் கேட்க வாசிப்பார்கள். சாமியார் சொன்ன வழி நல்ல வழி. எந்தப் புத்தியுள்ளவளும் தலையாட்டியிருப்பாள்.

"எதுக்கு சாமி திருட்டுத்தனமா? எங்க அக்காவுக்கு மூணு ஓலை வாசிச்சீங்க. எனக்கும் வாசிங்க. அப்பா பேரோட வாசிங்க. நடுவாசல் வழியா வருவோம், நடுப் பீடத்துல வைங்க."

சாமியார் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

"ஏம்மா, ஓலை வாசிச்சா கல்யாணத்துக்குத் தேதி மட்டுமில்ல, அடிக்கிறவனுக்கும் தேதி தெரிஞ்சுடும்" என்றார் சாமியார்.

நான் கேட்கவில்லை. அந்த நடுவாசலுக்கும் மூன்று ஓலைக்கும் நாங்கள் கொடுத்த விலையை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும். வீம்புக்கு வேட்டி கட்டினால் அவிழ்வது நடுத்தெருவில்தான்.

மற்ற ஏற்பாடெல்லாம் ஒரு மத்தியானத்தில் முடிந்தது. மஞ்சள் கயிற்றில் புறா போட்ட தாலி. மாமியார் தன் மூக்குத்தியை அழித்துச் செய்தது. ஒரு வெள்ளைச் சேலை. சாட்சிக்குப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர், சங்கத்துத் தோழர் ஒருவர். பூசை முடிந்ததும் இட்லி. என் மாமியார் எனக்கு மாமியாராகி ஒரு வருஷமாகியும் என்னை 'வாங்க, சாப்புடுங்க' என்றுதான் பேசுவார். பண்ணை வீட்டுப் பெண் என்ற பழக்கம் நாக்கை விட்டுப் போகவில்லை. "கோயில்ல வச்சு முடிஞ்சதும் வா, போன்னு கூப்புடுறேங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும் வந்தது.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு, அப்பா பெயர் காதில் விழுந்ததும் நடுப்பகுதியில் பெஞ்சுகள் உறுமின. அப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். பூசை பாதியில் இருக்கும்போதே நடுவாசல் வழியாக வெளியே போனார். அண்ணன் மட்டும் போகவில்லை. திரும்பி உட்கார்ந்து, கிராதிக்கு இந்தப் பக்கம் இருந்த என் வயிற்றையே பூசை முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்துத் தேர் காட்டியவன். அப்போதுதான் முதல்முதலாக அவனைப் பார்த்து நடுங்கினேன்.

இரண்டாவது ஓலைக்கு மறுநாள் எங்கள் தெருவில் மூன்று வைக்கோல்போர் எரிந்தது. மாமியாரின் ஆட்டுக்கு இரண்டு பின்னங்காலையும் வெட்டி எங்கள் வாசலில் போட்டிருந்தார்கள். உயிர் இருந்தது. வீட்டுக்காரரே கழுத்தை அறுத்து அதை அடக்கினார். கையைக் கழுவிக்கொண்டே, "இன்னும் ஒரு ஓலை இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"சாமி சொன்னதக் கேட்டிருக்கலாம்."

"இப்ப நிறுத்தினா பயந்துட்டோம்னு ஆயிடும்."

"நான் பயந்துதான் இருக்கேன்" என்றார் அவர். ஓர் ஆம்பளை அப்படி வாய்விட்டுச் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை. அப்போதும் நான் நிறுத்தவில்லை.

மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம். வீட்டுக்குப் பின்னால் கல்யாண இட்லிக்கு மாமியார் அரிசி குத்தினார். கை ஓய்ந்துவிட்டதென்று அவர் தண்ணீர் குடிக்கப் போக, நான் உலக்கையை வாங்கினேன். வாய்க்கால் பக்கம் சத்தம் கேட்டு, சுவரோரமாக எட்டிப் பார்த்தேன். ஐந்து பேர் என் வீட்டுக்காரரை வாசலுக்கு இழுத்து வந்தார்கள். சட்டை இல்லை. தலையிலிருந்து ரத்தம் கண்ணை மூடியிருந்தது. ஆண்கள் எல்லாம் வயல் மறியலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்திருக்கிறார்கள். தெருவில் பெண்களும் பிள்ளைகளும்தான். வீட்டுக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

கழியால் அடித்தார்கள். முதுகில், முட்டியில், மறுபடி முதுகில். நெல் அடிக்கிற மாதிரி மாற்றி மாற்றி, அவசரமே இல்லாமல் அடித்தார்கள். அவர் முதலில் கத்தினார், பிறகு கத்தவில்லை. அண்ணன் அரிவாளோடு தள்ளி நின்றிருந்தான்.

"அந்தக் காலமா இருந்தா சாணிப்பால ஊத்திச் சவுக்கால அடிச்சிருப்போம். இப்பதான் உங்களுக்கு ஆட்சி, சட்டம் எல்லாம் இருக்கே" என்றான். பிறகு குனிந்து அவர் வலது கையைப் பிடித்தான். "தாலி கட்டப் போற கை இதானே?"

கையை இழுத்து, மாமியார் துணி துவைக்கிற கல்மேல் விரித்து வைத்தான். ஒருவன் அந்தக் கையைக் காலால் மிதித்துக்கொண்டான். அண்ணன் அரிவாளை ஓங்கினான்.

நான் வீட்டைச் சுற்றி எப்படி வந்தேன் என்று தெரியாது. உலக்கை கையிலேயே இருந்தது. ஓங்கிய கையில் ஓர் அடி. அரிவாள் தெறித்துச் சாக்கடையில் விழுந்தது. அண்ணன் கல்லின்மேல் சாய்ந்து தரையில் விழுந்தான். இன்னோர் அடி அடித்தேன், முழங்கையில். காய்ந்த மூங்கில் பிளக்கிற சத்தம். மற்ற நான்கு பேரும் என் வயிற்றைப் பார்த்தார்கள், உலக்கையைப் பார்த்தார்கள். பண்ணை வீட்டுப் பெண்ணைத் தொட யாருக்கும் உத்தரவு இல்லை. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அவருக்குத் தலையில் தையல், விலாவில் இரண்டு எலும்பு முறிவு. வயிற்றுக்குள் பிள்ளை அன்று முழுக்க அசையவில்லை. மறுநாள் காலையில் உதைத்தது. அதே நேரத்தில் கோயிலில் மூன்றாவது ஓலை வாசித்தார்கள். ஒருவரும் தடை சொல்லவில்லை. அண்ணன் போலீசுக்கும் போகவில்லை. பொம்பளை கையால் அடி வாங்கினேன் என்று எந்த வாயால் சொல்வான்? நாகூர்ப் பக்கம் எலும்பு கட்டுகிறவரிடம் போய், வரப்பில் வழுக்கியது என்று சொல்லிக் கட்டிக்கொண்டு வந்தான்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கோயில். கல்யாணத்துக்கு முன் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். நம்பிக்கை இல்லாத என் வீட்டுக்காரர் கட்டுத் தலையோடு முதலில் போனார். இரண்டு நிமிஷத்தில் பாவப் பொறுத்தல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "லேசுதான், போ" என்றார்.

நான் முட்டி போட்டேன். கூண்டுச் சல்லடைக்கு அந்தப் பக்கம் சாமியார். உலக்கையைச் சொன்னேன்.

"உம் புருஷன் கைய வெட்ட வந்தான். நீ தடுத்த. அது பாவமில்ல மகளே" என்றார்.

அத்தோடு எழுந்திருக்கலாம். என் நாக்கு நிற்கவில்லை. "ரெண்டு தடவ அடிச்சேன் சாமி."

"ரெண்டாவது அடிக்கிறப்ப அரிவா அவன் கையில இருந்துச்சா?"

"இல்ல. கீழ விழுந்து கெடந்தான்."

"அதுக்காக மனஸ்தாபப்பட்டு வருந்துறியா?"

யோசித்தேன். அந்தச் சத்தம் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முப்பது பேர் மண்டை, எரிந்த வைக்கோல்போர், அந்த ஆடு, அவருடைய விலா எலும்பு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் இடத்தில் வாங்கிவிட்ட சந்தோஷம்.

"இல்ல சாமி."

"சும்மா வாயால சொல்லும்மா. மனசு பின்னாடி வரும்."

"பாவசங்கீர்த்தனத்துல பொய் சொல்லச் சொல்றீங்களா சாமி?"

அவர் பெருமூச்சு விட்டார். "கல்யாணத்த மந்திரிச்சு வைக்கிறேன். ஒன் நெலமையில அதத் தள்ளிப்போட முடியாது. நன்மை மட்டும் கெடையாது. மனஸ்தாபம் வந்தப்புறம் வா."

எழுந்து திரும்பினால், கோயிலுக்குள் அண்ணன். கழுத்தில் தூளி கட்டி, மூங்கில் பத்தை வைத்த கை. என் வீட்டுக்காரர் என்னை முதுகுக்குப் பின்னால் தள்ளினார். தடை சொல்ல வந்திருக்கிறான் என்று எல்லோரும் நினைத்தோம். அவன் எங்களைப் பார்க்கக்கூட இல்லை. நேரே போய் நான் எழுந்த இடத்தில் முட்டி போட்டான். தபசுகாலத்துக்கு முன் வருஷா வருஷம் செய்கிற பாவசங்கீர்த்தனம். என்ன சொன்னானோ, எப்படி வருந்தினானோ, சீக்கிரம் எழுந்துவிட்டான். சிலுவை போட்டுக்கொள்ளப் பார்த்தான், வலது கை எழவில்லை. இடது கையை நெற்றிவரை கொண்டுபோய், போடாமல் இறக்கிவிட்டான்.

நடுப் பீடத்தில் எனக்குத் தாலி ஏறியது. கட்டிய கையில் மிதித்த இடம் நீலமாகக் கன்றியிருந்தது. பூசையில் நன்மை நேரம் வந்தது. சாமி கும்பிடாத என் புருஷன், எனக்குக் கொடுத்த வாக்குக்காக, முட்டி போட்டு நாக்கை நீட்டி வாங்கினார். கொஞ்சம் தள்ளி அண்ணன் வாங்கினான். ஆசைப்பட்டு, அடம்பிடித்து, ஆடு முதல் விலா எலும்புவரை பலி கொடுத்து அந்தக் கல்யாணத்தைக் கேட்டவள் நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு முட்டியில் இருந்தேன். வெட்ட வந்தவனுக்கு மன்னிப்பு, எனக்கு இல்லை. பீடத்தைப் பார்த்து மனதுக்குள் திட்டினேன். அதையும் சேசுநாதர் கேட்டிருப்பார், கேட்கட்டும்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. நானும் சாகவில்லை. மாமியார் சொன்னபடி என்னை 'வாடி' என்று கூப்பிட ஆரம்பித்தார். கூலி கூடியது, பிறகு குடியிருப்பு மனையும் எங்கள் பேருக்கு வந்தது. கிராதியை ஒரு வருஷம் வெள்ளையடிக்கக் கழற்றினார்கள், திரும்ப மாட்டவில்லை. அப்போதும் என் வீட்டுக்காரர் உள்ளே வரவில்லை. என்னைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு எதிர் டீக்கடையில் உட்காருவார். பூசை முடிந்து நான் வரும்போது எனக்கொரு டீ தயாராக இருக்கும். நின்றபடி குடித்துவிட்டுப் போவோம். முப்பது வருஷத்துக்கு மேல் இப்படித்தான். வேறு சாமியார் யாரிடமாவது போய், எத்தனை அடி என்று சொல்லாமல் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கலாம். சாமியாருக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே.

அண்ணன் முழங்கை கடைசிவரை மடங்கவில்லை. இடது கையால் சாப்பிட்டான். அதனாலேயே எந்தக் கல்யாணப் பந்தியிலும் உட்கார மாட்டான் என்று கேள்விப்பட்டேன். கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவன் செத்த அன்று போனேன். அந்த வாசலை மிதித்தது அவ்வளவு வருஷத்தில் அன்றுதான். குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். செபமாலையைச் சுற்றிக் கைகளை நெஞ்சில் கும்பிட்ட மாதிரி வைக்க வேண்டும். இடது கை வந்தது, வலது கை வரவில்லை. இரண்டு பேர் சேர்ந்து அழுத்தினார்கள். "வரப்புல விழுந்த கை, அப்படித்தான் வெறச்சு நிக்கும். நல்லா அமுக்கு" என்றார் ஒருவர். எலும்பு நொறுக்கென்றது.

"விடுங்க. வரப்பு இல்ல அது. நான் ஒடிச்ச கை" என்றேன்.

அழுத்தியவர்கள் கையை எடுத்தார்கள். அந்தக் கையை எடுத்து அவன் பக்கவாட்டில் நீட்டி வைத்தேன். அவ்வளவு கனமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். புதுச் சாமியார், என் மகன் வயது. கதை முழுவதையும் சொல்லவில்லை. நான் யாரிடமும், என் வீட்டுக்காரரிடமும்கூட, சொல்லாத ஒன்றை மட்டும் சொன்னேன்.

"ரெண்டு அடிக்கும் நடுவுல, கீழ கெடந்தபடி என்னப் பாத்து 'வேணாம் பாப்பா'ன்னான் சாமி. கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் அடிச்சேன்."

பூசை முடிந்து வெளியே வந்தேன். வழக்கம்போல வீட்டுக்காரர் டீயை நீட்டினார்.

"கால் மணி நேரம் போவட்டுங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு டீயைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே என்கூட நடந்து வந்தார்.